கழிச்சல் என்ற பெயருக்குள் மறைந்த மூச்சு நோய்

கோழிகளைக் கூட்டமாக மாய்க்கும் நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர் வெள்ளைக்கழிச்சல். நம் கால்நடை மருத்துவ நூல்கள் அதனை இராணிக்கெட் நோய் என்கின்றன. உலக வழக்கில் அது நியூகாசில் நோய். முதற்பெயர் எச்சத்தைச் சுட்டுகிறது. மற்ற இரண்டும் ஊர்களைச் சுட்டுகின்றன. மூச்சைச் சுட்டும் பெயர் எதுவுமில்லை. ஆயினும் இந்நோய் கண்ட கோழி வாய் பிளந்து மூச்சு வாங்கும். தொண்டையில் கொறகொறவென ஒலி எழும். பின்னர்க் கழுத்துத் திருகிச் சாயும். ஒரு நோயின் பெயர் நம் பார்வையை எங்கே திருப்புகிறது, சோதனை அதனை எவ்வாறு திருத்துகிறது என்பதே இப்பதிவின் பொருள்.

1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் கோழிகள் பெருமளவில் மடிந்தன. அக்காலத்தில் இத்தகைய சாவுகளுக்கு ஆயத்தமாக இருந்த பெயர் ‘கோழிக் கொள்ளைநோய்’. டாய்ல் என்னும் ஆய்வாளர் அப்பெயரை ஐயுற்றார். ஒரு நோயிலிருந்து பிழைத்த கோழிக்கு மற்றதன் நச்சுயிரியைச் செலுத்தியபோது அது தப்பவில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று முடிவுசெய்து, 1927இல் புதியதற்கு நியூகாசிலின் பெயரை இட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் குமாவோன் மலைப்பகுதியின் இராணிக்கெட்டில் தோன்றிய கோழிநோயை முக்தேசுவர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் பதிவுசெய்தார். ஊர்ப்பெயரே இந்தியாவில் நோய்ப்பெயராக நிலைத்தது.

கலிபோர்னியாவில் கதை வேறுவிதமாக நடந்தது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே கோழிகளுக்கு மூச்சுத் திணறலும் நரம்புக் கோளாறும் கண்டன. சாவு ஆசியாவில் கண்ட அளவுக்கு இல்லை. அதனால் அதனைத் தனி நோயாகக் கருதி, நுரையீரலையும் மூளையையும் சுட்டும் பெயரை வழங்கினர். 1944இல் பீச் என்பவர் ஓர் எளிய வினாவை எழுப்பினார்: நியூகாசில் நோய்க்கு எதிர்ப்பாற்றல் பெற்ற கோழியின் குருதி ஊநீர், இந்தக் கலிபோர்னிய நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்யுமா? செய்தது. டாய்லின் சோதனை ஒரே பெயருக்குள் கிடந்த இரண்டைப் பிரித்தது. பீச்சின் சோதனை இரு பெயர்களில் கிடந்த ஒன்றைச் சேர்த்தது. கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி இரண்டிடத்திலும் வழிதவறச் செய்திருந்தது.

இதற்கிடையில் ஆய்வகங்களுக்கு மலிவான ஒரு கருவி கிடைத்திருந்தது. இன்புளுயன்சா நச்சுயிரி கோழியின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை 1941இல் ஹர்ஸ்ட் கண்டார். நியூகாசில் நச்சுயிரிக்கும் அப்பண்பு உண்டு என்று 1942இல் பர்னெட் காட்டினார். இதிலிருந்து பிறந்ததே திரட்சித் தடைச் சோதனை. ஊநீரை இருமடங்கு இருமடங்காக நீர்க்கச் செய்து, அளவறிந்த நச்சுயிரியைச் சேர்த்து, சிவப்பணுக்களை இடுவர். எதிர்ப்பான் இருந்தால் அணுக்கள் குழியின் அடியில் பொத்தான்போலப் படியும். இல்லையேல் வலைபோலப் பரவி நிற்கும்.

ஆனால் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. தடுப்பூசி பெற்ற கோழியின் குருதியிலும் எதிர்ப்பான் இருக்கும். தடுப்பூசியே காணாத புறக்கடைக் கோழியில் எதிர்ப்பான் தென்பட்டால், நோய் முன்பு அவ்வழி வந்துபோயிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இப்போது வாய் பிளந்து நிற்பதன் காரணத்தை அறிய, நச்சுயிரியைக் கருமுட்டையில் வளர்த்தோ மரபுக்கூற்றைச் சோதித்தோ பார்த்தாக வேண்டும். ஏனெனில் தொற்றுச் சளி, மூச்சுக்குழல் அழற்சி, மைக்கோபிளாஸ்மா ஆகியனவும் ஏறக்குறைய அதே கொறகொறப்பையே எழுப்புகின்றன. இராணிக்கெட் தடுப்பூசி இவற்றைத் தடுக்காது. பெயர் பிழையாக அமைந்தால், ஊசி போட்டும் கோழி செத்தது என்ற குறை ஊசியின்மேல் விழும். அடுத்தமுறை அவ்வீட்டார் ஊசிக்கே வரமாட்டார்கள்.

மாதேஸ்வரன் மலை போன்ற இடங்களின் கோழிநோய் வரலாற்றை எழுத முனைவோர்க்கு இது நேரடிச் சிக்கல். அம்மலை அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அமைந்தது. ஆகவே ஒரே மலையின் கோழிச்சாவுகளை இரு அரசுகளின் கால்நடைத்துறை ஆவணங்களில் தேட வேண்டும். தமிழும் கன்னடமும் சோலிகர் மொழியும் வழங்கும் அம்மலையில், ஒரு சொல்லை எழுத்தர் எவ்வாறு மொழிபெயர்த்தார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ‘வெள்ளைக்கழிச்சல்’ என்ற பழைய குறிப்பைக் கண்டதும் ‘நியூகாசில் நச்சுயிரி’ என்று பெயர்த்தெழுதுவது, செய்யப்படாத சோதனை ஒன்றின் முடிவை நாமே எழுதுவதாகும். பார்த்தவர் வெண்ணிற எச்சத்தைப் பார்த்தார் என்பதே அக்குறிப்பு தரும் சான்று.

இது ஆவணக்காப்பகத்தோடு முடியும் சிக்கலும் அன்று. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகள் மடிந்தபோது, இராணிக்கெட் நோயே காரணம் என்று முதலில் பேசப்பட்டது. போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் என உறுதிசெய்தது. இந்தியாவில் அதுவே முதல் நிகழ்வு. டாய்ல் அன்று வேறாகப் பிரித்த ‘கோழிக் கொள்ளைநோய்’ உண்மையில் இன்புளுயன்சா வகையே என்பதை 1955இல் ஷேஃபர் காட்டியிருந்தார். எனவே, 1927இல் பிரிக்கப்பட்ட அதே இரு நோய்கள் எண்பதாண்டுகள் கழித்து நவாப்பூரில் மீண்டும் ஒரே பெயருக்குள் புகுந்தன. அவற்றுள் ஒன்று மனிதரையும் கொல்ல வல்லது.

களப்பணி செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்கள் சொல்லும் நோய்ப்பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அதனருகே மூச்சின் ஒலி, எச்சத்தின் நிறம், எத்தனை நாளில் எத்தனை கோழிகள், கடைசியாக ஊசி போட்ட மாதம் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். நச்சுயிரியின் பெயருக்குரிய இடத்தை ஆய்வக முடிவு வரும்வரை வெற்றிடமாகவே விடுங்கள்.