உழவுக்குள் மறைந்த சேமக்காலைகள்



மரித்தோரை நினைக்கும் நவம்பர் மாதம் வந்துவிட்டது. ஊரில் நாம் வாழ்ந்த காலத்தில், இம்மாதத்தின் இரண்டாம் நாளில் சேமக்காலைக்குச் சென்று, புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் கல்லறையை மந்திரிக்கும்வரை காத்து நின்றோம். இன்று நாம் வாழும் ஒன்ராறியோவில், நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் விரிந்துள்ள சோள வயல்களுக்குள், மெழுகுதிரி ஏற்ற ஒருவருமில்லாத குடும்பச் சேமக்காலைகள் பல மறைந்து கிடக்கின்றன. அவற்றின் வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அது நம்மையும் தொடும் வரலாறு.

அமெரிக்கப் புரட்சிப் போர் 1783இல் முடிந்தபின், முடியரசுக்கு விசுவாசமாக இருந்தோர் எல்லை கடந்து இங்கு வந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஸ்கொட்லாந்தரும் அயர்லாந்தரும் பிறரும் வந்தனர். அரசு காட்டை அளந்து, துண்டுகளாகப் பிரித்து, குடியேறிகளுக்கு வழங்கியது. அக்காலத்தில் ஆலயம் தொலைவில் இருந்தது. குருவானவர் குதிரையேறி எப்போதாவது வந்துபோனார். பிரசவத்தில் ஒரு தாய் மடிந்தாலோ, காய்ச்சலில் ஒரு குழந்தை இறந்தாலோ, தங்கள் காணியிலேயே நீர் தேங்காத மேட்டு நிலமொன்றைத் தெரிந்து அடக்கம் செய்தனர். முதலில் மரச்சிலுவை நாட்டினர். வசதி வந்தபின் வெண்பளிங்குக் கல் வைத்தனர்.

ஓரிரு தலைமுறைகள் கழிந்தன. பேரப்பிள்ளைகள் நகரங்களுக்கும் மேற்குச் சமவெளிகளுக்கும் பெயர்ந்தனர். காணி கைமாறியது. புதிய உரிமையாளருக்குக் கல்லிலுள்ள பெயர் அந்நியமானது. மரம் உக்கியது, பளிங்கு மழையிலும் பனியிலும் கரைந்து எழுத்திழந்தது, மாடுகள் உரசிக் கற்கள் சாய்ந்தன. வேலி விழுந்தபின் உழவு ஆண்டுதோறும் சற்றுச் சற்றாக நெருங்கிவந்தது. இவ்வாறு பல சேமக்காலைகள் யாருடைய தீய எண்ணமுமின்றி, மறதியினாலேயே அழிந்தன.

ஆனால் எல்லாம் மறதியால் அழிந்தவை அல்ல. ரொறன்ரோவிற்கு வடமேற்கே, கிரே கவுன்ரியில் பிரைஸ்வில் என்ற சிற்றூர் உள்ளது. அதன் அருகே பழைய டர்ஹம் வீதியோரம் குடியேறிய கறுப்பின முன்னோடிகள், தங்கள் இறந்தோரை அங்கேயே அடக்கம் செய்தனர். 1930களில் ஒரு விவசாயி அக்கல்லறைக் கற்களை அகற்றிப் புதைத்துவிட்டு, அந்நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டார். அரை நூற்றாண்டு கழிந்து, 1980களில், அங்கு முதலில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், ஒன்றிணைந்து சேமக்காலையை மீட்க முற்பட்டனர். மண்ணைத் தோண்டியபோது கற்கள் மட்டும் வெளிவரவில்லை. பேச எவரும் விரும்பாத உண்மைகளும் வெளிவந்தன. இவ்வரலாற்றை 2000ஆம் ஆண்டில் வெளியான ‘ஸ்பீக்கர்ஸ் ஃபோர் த டெட்’ என்ற ஆவணப்படம் பதிவுசெய்தது. உடைந்த கல்லறைக் கல்லொன்றைப் பேஸ்போல் ஆட்டத்தில் மட்டையாளர் நிற்குமிடத்துக்கு வைத்து விளையாடும் காட்சியை அப்படம் மீள நடித்துக் காட்டுகிறது. ஒருவரை உயிரோடிருக்கையில் மதியாத சமூகம், அவர் பெயரையும் மதிப்பதில்லை.

தொலைந்த சேமக்காலையைத் தேடுவோர் முதலில் நிலத்தைப் படிக்கின்றனர். வயல் நடுவே உழப்படாத ஒரு மேடு, அங்கு எவரோ நட்ட லைலாக் செடி, குளிர்காலத்திலும் பசுமை மாறாத பெரிவிங்கிள் என்னும் படர்கொடி, வரிசையாக அமைந்த நீள்பள்ளங்கள் ஆகியவை அவர்களுக்கு அடையாளங்கள். அப்பள்ளங்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக அமைந்திருக்கும். உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழவேண்டும் என்ற நம்பிக்கையோடு, தலையை மேற்கிலும் பாதங்களைக் கிழக்கிலும் வைத்து அடக்கம் செய்தது கிறிஸ்தவ மரபு.

அடுத்து அவர்கள் ஏடுகளைப் படிக்கின்றனர். காணியை விற்றவர் கல்லறை நிலத்தை மட்டும் விலக்கி எழுதிய பழைய உறுதிகள் உண்டு. ஒன்ராறியோவில் அரசுப் பதிவு தொடங்கியது 1869இல்தான். அதற்கு முந்திய மரணங்களுக்கு ஆலயப் பதிவேடுகளே பெருந்துணை. 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், இறந்தோர் ஏட்டையும் பங்குத்தந்தை பேணவேண்டும் எனப் பணித்தது. குருத்துவக் கல்லூரியில் இதைப் படித்தபோது, வெறும் அலுவலக வேலை என்றே எண்ணினேன். கல் அழிந்தபின் ஒரு மனிதரின் பெயரைக் காப்பது அந்த ஏட்டின் ஒரு வரிதான் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். இங்கு 1961இல் உருவான ஒன்ராறியோ மரபுவழி ஆய்வுச் சங்கத்தின் தொண்டர்களும், ஆயிரக்கணக்கான சேமக்காலைகளில் கல்லிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்துள்ளனர்.

இவ்விடங்களைக் காண விரும்புவோர் காணி உரிமையாளரிடம் அனுமதி பெற்றே செல்லுங்கள். எதையும் தோண்டாதீர்கள். அறியப்படாத புதைகுழியோ மனித எலும்போ கண்ணில்பட்டால், உடனே காவல்துறைக்கோ மரண விசாரணை அதிகாரிக்கோ அறிவிப்பது இங்கு சட்டக் கடமை.

அன்பானவர்களே, இனி நம்மை நாமே கேட்போம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்களுள் பலரால், கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கள் ஊருக்குத் திரும்ப இயலவில்லை. உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்கு அப்பால் வீடுகளோடு கல்லறைகளும் இருந்தன. “அப்புவின் கல்லறை இப்ப இருக்குமோ, சுவாமி?” என்று என்னிடம் கேட்ட ஒரு தாய்க்கு என்னால் விடை கூற முடியவில்லை. ஆயினும் அவருக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். ஆலய வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, அருகே நின்ற மரம் எது, பக்கத்தில் யார் அடக்கம் செய்யப்பட்டார் என்றெல்லாம் நினைவுகூர்ந்து எழுதினார். எழுதி முடித்தபோது அவர் அழுதார்; ஆனால் முகம் தெளிந்திருந்தது.

இந்த நவம்பரில் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். உங்கள் தாய் தந்தையரின், பாட்டன் பாட்டியரின் பெயர், இறந்த ஆண்டு, பங்கு, சேமக்காலை, கல்லறை இருந்த இடம் ஆகியவற்றைத் தமிழிலும் உங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடிய மொழியிலும் எழுதுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களை இவ்வாரமே கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்காதீர்கள். எழுதியதன் ஒரு படியைப் பங்கு மனைக்குக் கொண்டுவாருங்கள். இம்மாதத் திருப்பலிகளில் அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவோம்.

இறைவன் எவரையும் மறப்பதில்லை. மறப்பவர்கள் நாமே. ஆகவே எழுதிவைப்போம்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை