பத்து நாள் முகாமும் ஒரு சின்ன மாத்திரையும்

இந்த வாரக் கதை எங்க ஊர் திருநெல்வேலியில ஆரம்பிக்குது. நடுவுல தாம்பரம், லண்டன், சேத்துப்பட்டுன்னு ஒரு சுத்து சுத்திட்டு, கடைசியில எங்க பெரியப்பா வீட்டுக்கே திரும்பி வந்துடுவோம்.

பெரியப்பாவுக்கு ரொம்ப வருஷமா பிபி. தினமும் காலையில ஒரு சின்ன மாத்திரை. நாலு வருஷத்துக்கு முன்னாடி, மலையடிவாரத்துல நடந்த ஒரு பத்து நாள் முகாமுக்குப் போனார். விடியக்காலையில மூச்சுப்பயிற்சி, ஆசனம், உப்பு குறைச்ச சாப்பாடு, சாயங்காலம் தியானம். செல்போன் கிடையாது. திரும்பி வந்தப்ப ஆளே மாறியிருந்தார். நல்லா தூங்கினார். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறது நின்னுபோச்சு. "உடம்பு பஞ்சு மாதிரி இருக்குடே. இனி எதுக்கு மாத்திரை?"ன்னு என்கிட்ட கேட்டார். நானும் சிரிச்சிட்டே தலையாட்டினேன்.

அஞ்சாவது மாசம் பக்கவாதம். வலது கை இன்னும் முழுசா வரலை.

அதுக்கப்புறம் வீட்டுல ரெண்டு கட்சி. முகாமே ஏமாத்து வேலைன்னு அண்ணன் சொல்றான். பெரியம்மா ஒத்துக்க மாட்டாங்க. "அந்த அஞ்சு மாசந்தான் மனுசன் நிம்மதியா தூங்கி நான் பாத்தேன்"னு சொல்லுவாங்க. நான் எந்தக் கட்சின்னு எனக்கே தெரியலை. அதான் கொஞ்சம் பின்னாடி போய்ப் படிக்க ஆரம்பிச்சேன்.

தாமிரபரணிக் கரையில இந்தப் பேச்சு புதுசில்லை. பொதிகை மலை அகத்தியர் இருந்த மலைன்னு கேட்டு வளர்ந்தவங்க நாங்க. குற்றாலத்துல அருவியா விழுற சிற்றாறு, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில சேருது. அந்த அருவித் தண்ணியும் சாரல் காத்தும் உடம்புக்கு நல்லதுன்னு 19ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்கார அதிகாரிகளே சீசனுக்கு அங்க போய்த் தங்கியிருக்காங்க. பாளையங்கோட்டையில 1964ல அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த வருஷமே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தது. எங்க ஊர்க்காரங்க ரெண்டு வாசலையும் ஏறி இறங்கினவங்கதான்.

ஆனா காத்து, ஓய்வு, நல்ல சாப்பாடு, கவலையில்லாத மனசு, இதெல்லாம் நோயைக் குணமாக்குமாங்கிற கேள்வி நிஜமாவே சோதனைக்கு வந்தது காசநோய்லதான்.

சென்னையில லோக்கல் ட்ரெயின்ல போறவங்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் தெரியும். அந்தப் பேருக்குக் காரணம், 1928ல டாக்டர் சௌரி முத்து அங்க தொடங்கின காசநோய் சானடோரியம். அவர் இங்கிலாந்துல ஒரு சானடோரியம் நடத்தினவர். கணித மேதை ராமானுஜன்கூட அங்க கொஞ்ச நாள் அவர்கிட்ட சிகிச்சையில இருந்திருக்கார். சானடோரியம்னா என்ன? காத்தோட்டமான தாழ்வாரத்துல படுக்கை, சத்தான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், வீட்டுக் கவலையில இருந்து விலகி இருக்குறது. அந்தக் காலத்து 'உடம்பு–மனசு முகாம்'னே வச்சுக்கலாம். காசநோய்க் கிருமியைக் கொல்ல மருந்து இல்லாத காலம். வேற வழியும் இல்லை.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில படிச்ச புதுமைப்பித்தன், 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயசு 42. அவர் இறந்து நாலு மாசத்துல, அக்டோபர்ல, லண்டன்ல ஒரு ஆய்வு முடிவு வெளியாச்சு. மொத்தம் 107 நோயாளிகள். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். 55 பேருக்கு ஓய்வோட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஆறு மாசத்துல ஓய்வு மட்டும் எடுத்தவங்கள்ல 14 பேர் இறந்துட்டாங்க. ஊசியும் போட்டவங்கள்ல 4 பேர். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மருந்து அவ்வளவு பக்கத்துல வந்திருக்கு.

அடுத்த கேள்வியைக் கேட்டது நம்ம சென்னை. 1956ல சேத்துப்பட்டுல ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினாங்க. அங்க ஏழை நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்துல ஓய்வு, ஊட்டம். இன்னொரு பாதி நெருக்கடியான வீட்டுல, கிடைச்ச சாப்பாட்டோட. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷத்துக்கு. 1959ல முடிவு வந்தது. சானடோரியத்துல இருந்தவங்களுக்கு எடை அதிகமா கூடியிருந்தது. ஆனா நோய் அடங்கினதுல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதுல இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்போ ஓய்வும் ஊட்டமும் பொய்யா? இல்லை. எடை கூடினது உண்மை. நோயைத் தீர்மானிச்சது வேற ஒண்ணு, அவ்வளவுதான்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். மாரடைப்பு வந்து பிழைச்சவங்க 3,959 பேரை வச்சு, இந்தியாவுல 24 மருத்துவமனைகள்ல ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020ல வெளியாச்சு. எல்லாருக்கும் வழக்கமான மருந்து உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே மூணு மாசத்துல 13 யோகா வகுப்பு. யோகா செஞ்சவங்க தங்களோட உடல்நிலை நல்லா இருக்குன்னு சொன்னாங்க, பழைய வேலைகளுக்கும் கூடுதலா திரும்பினாங்க. ஆனா மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் இதுலெல்லாம் உறுதியாச் சொல்லக்கூடிய வித்தியாசம் தெரியலை.

நாள்பட்ட முதுகுவலியில இதைவிட நல்ல சேதி. அமெரிக்காவுல 342 பேரை வச்சு நடந்த ஆய்வு, 2016ல வந்தது. எட்டு வார தியானப் பயிற்சிக்குப் போனவங்கள்ல 100க்கு 60 பேருக்கு அன்றாட நடமாட்டம் நல்லாவே தேறியிருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல 44 பேருக்கு. வலியில, அதை எப்படி உணர்றோம்ங்கிறதே நோயில பாதி. அங்க மனசுக்குப் பயிற்சி குடுத்தா நேரடியா பலன் தெரியுது.

பிபி அப்படி இல்லை. அது ஏறும்போது வலிக்காது. பெரியப்பா விஷயத்துல நடந்தது இதுதான்னு இப்ப எனக்குப் புரியுது. முகாம்ல உப்பு குறைவு, தூக்கம் நல்லா இருந்தது, அதனால பிபி கொஞ்சம் இறங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஊறுகாயும் கருவாடும் திரும்பி வந்துடுச்சு, மாத்திரை மட்டும் திரும்ப வரலை. உடம்பு லேசா இருந்ததை அவர் நம்பினார். அஞ்சு மாசம் ஒரு தடவைகூட அளந்து பார்க்கலை. அவர் உணர்ந்த நிம்மதி நிஜம். அந்த நிம்மதியை பிபி குறைஞ்சதுக்கு சாட்சியா எடுத்துக்கிட்டதுதான் தப்பு.

டாக்டர்கள் பக்கமும் ஒண்ணு சொல்லணும். மாத்திரை எழுதிக் குடுத்த இடத்துல பெரியப்பாவுக்குக் கிடைச்சது ரெண்டு நிமிஷம். முகாம்ல பத்து நாள். "தூக்கம் வருதா அண்ணாச்சி?"ன்னு அங்கதான் முதல்முறையா ஒருத்தர் உட்கார்ந்து கேட்டிருக்கார். மக்கள் ஏன் அங்க போறாங்கன்னு கேட்டா, இதுவும் ஒரு காரணம்.

அதனால உங்க அப்பாவோ அம்மாவோ இப்படி ஒரு முகாமுக்குக் கிளம்பினா தடுக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: இது மாத்தப் போறது நோயையா, நோயோட வாழ்ற வாழ்க்கையையா? ரெண்டாவதுன்னா, அது சின்ன விஷயமில்லை, போகட்டும். ஆனா மாத்திரையைக் குறைக்குறது, பிபியை அளந்து பார்த்துட்டு டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

பெரியப்பா இப்பவும் காலையில மூச்சுப்பயிற்சி செய்றார். அதுக்கு முன்னாடி பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணியும் மாத்திரையும் கொண்டாந்து வைப்பாங்க. அவர் இடது கையால எடுத்துப் போட்டுக்குவார். அண்ணனும் இப்பல்லாம் முகாமைப் பத்தி வாய் திறக்குறதில்லை.

அடுத்த வாரம் பார்ப்போம்.