டியூ டேட்: அந்த 280 நாள் எங்கிருந்து வந்துச்சு?

மதுரை கே.கே. நகர்லேர்ந்து பேசுறேன். இந்த ஏரியாவுல திரும்பின பக்கமெல்லாம் ஆஸ்பத்திரிதான். "டேட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, ஆனா அடுத்த வாரம் நல்ல நட்சத்திரம். அன்னைக்கே ஆபரேஷன் வெச்சுக்கலாமா?" இந்தப் பேச்சு நம்ம ஊர்க் குடும்பங்களுக்குப் புதுசு இல்ல. பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு வேணும்.

முதல்ல அந்த டேட். கடைசி மாதவிடாய் தொடங்கின நாள்லேர்ந்து 280 நாள். சுமார் 200 வருஷம் முன்னாடி ஜெர்மன் டாக்டர் ஃபிரான்ஸ் நேகலே பரப்பின கணக்கு இது. நம்ம போன் ஆப் பலதும் இன்னைக்கும் இதைத்தான் போடுது. எல்லாருக்கும் 28 நாள் சுழற்சிங்கிற அனுமானம் உள்ளே ஹார்டுகோட் ஆகியிருக்கு. சரியா அதே தேதியில பிறக்கிறது நூத்துல ஏறக்குறைய அஞ்சு குழந்தைதான்.

அடுத்து, எது குறைப்பிரசவம்? 1948-ல உலக சுகாதார அமைப்பு எடையை வெச்சு முடிவு பண்ணுச்சு: 2,500 கிராமோ அதுக்குக் கீழேயோ. ஆனா இந்தியா மாதிரி நாடுகள்ல மாசம் நிறைஞ்சு பிறந்தும் எடை குறைவான பிள்ளைங்க நிறைய. அவங்களும் குறைமாசக் கணக்குல சேர்ந்தாங்க. 1961-ல இதைப் பிரிச்சாங்க: எடைக்குறைவு வேற, 37 வாரத்துக்கு முன்ன பிறக்கிறது வேற. அதே வருஷம் டெல்லியில கூடின உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைவர் யார் தெரியுமா? சென்னையோட பிரசவ மருத்துவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்.

ஆனா கோடு போட்டதும் ஒரு நினைப்பு வந்துடுச்சு: 37 தாண்டினா எல்லா வாரமும் ஒண்ணுதான்னு. 2009-ல வெளியான அமெரிக்க ஆய்வு அதை உடைச்சது. ஏற்கெனவே சிசேரியன் ஆகி, மறுபடியும் நாள் குறிச்சு சிசேரியன் செஞ்ச 13,258 பெண்களைப் பார்த்தாங்க. மூச்சுக் கோளாறு, சர்க்கரை குறையறது மாதிரி சிக்கல் 37-வது வாரத்துல பிறந்த குழந்தைகள்ல 15.3 சதவீதம், 38-ல 11, 39-ல 8. இந்த மாதிரி ஆதாரங்களுக்கு அப்புறம், 2013-ல அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 39-வது வாரத்துலேர்ந்துதான் 'முழு மாசம்'னு மாத்தினாங்க.

அதுக்காகப் பயப்பட வேணாம். தானா வலி வந்து 38-ல பிறக்கிற குழந்தைகள் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். பிரஷர் ஏறுது, குழந்தை வளரலைன்னு டாக்டர் சீக்கிரம் எடுக்கச் சொன்னா, காத்திருக்கிறதுதான் ஆபத்து. ஆனா காரணம் பஞ்சாங்கம் மட்டும்தான்னா, அந்த ரெண்டு வாரம் குழந்தையோட நுரையீரலுக்கும் மூளைக்கும் சேர வேண்டியது. நல்ல நேரம் பார்த்தே ஆகணுமா? டாக்டர்கிட்ட கேட்டுட்டு, 39 வாரம் முடிஞ்ச பிறகு வர்ற நாள்கள்ல பாருங்க.