அகபாவில் கொடுத்த வாக்கு



‘பைஅத்’ என்னும் சொல், விற்பதைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. கை கொடுத்தவர் தம்மையே கொடுத்துவிட்டார் என்பது அதன் உட்பொருள். அதன் பாரத்தை அறிந்தே கை கொடுத்தவர்கள் மதீனாவின் அன்சாரித் தோழர்கள்.

கி.பி. 622, ஹஜ்ஜுக் காலம். மினாவை அடுத்த அகபா கணவாயில், நள்ளிரவில் 73 ஆண்களும் 2 பெண்களும் நபி (ஸல்) அவர்களைச் சந்தித்தனர். தம் மனைவி மக்களைக் காப்பதுபோல் அவர்களைக் காப்பதாக உறுதியளிக்க முன்வந்தனர். அப்போது அவர்களுள் ஒருவரான அப்பாஸ் பின் உபாதா (ரலி) தம் மக்களையே எச்சரித்தார். பொருள் அழிந்து, தலைவர்கள் மாண்ட பிறகு இவரைக் கைவிடுவதாயின் இப்போதே விட்டுவிடுங்கள் என்றார். எவரும் பின்வாங்கவில்லை. இதற்குக் கைம்மாறு யாதெனக் கேட்டனர்; சுவர்க்கம் என்ற ஒரே விடை கிடைத்தது.

அதே இரவில் அபுல் ஹைஸம் (ரலி) மற்றொரு கேள்வி எழுப்பினார். அல்லாஹ் வெற்றியளித்தபின் எங்களை விட்டுத் தங்கள் சமூகத்தாரிடமே திரும்பிவிடுவீர்களோ என்றார். நபியவர்கள் புன்னகைத்து, தாம் அவர்களைச் சேர்ந்தவரே என உறுதி கூறினார்கள்.

625இல் உஹதுப் போர். எச்சரித்த அப்பாஸ் பின் உபாதா (ரலி) அங்கே ஷஹீதானார். அகபாவுக்கு வந்த பெண்மணி நுஸைபா (ரலி) நபியவர்களைக் காத்து நின்று பல காயங்கள் அடைந்தார்.

630இல் மக்கா வெற்றி. அடுத்து ஹுனைன். ஜிஇர்ரானாவில் குறைஷித் தலைவர்களுக்கு ஒட்டகங்கள் நூறு நூறாக வழங்கப்பட்டன, அன்சாரிகளுக்கு ஏதுமில்லை. மனம் நொந்தனர். ஸஅத் பின் உபாதா (ரலி) அதை மறைக்காமல் நபியவர்களிடமே எடுத்துரைத்தார். நபியவர்கள் அவர்களைத் தனியே கூட்டினார்கள். மற்றவர்கள் ஆடும் ஒட்டகமும் கொண்டு செல்ல, நீங்கள் அல்லாஹ்வின் தூதரையே அழைத்துச் செல்வது போதாதா என்ற கருத்தில் பேசினார்கள். தாடி நனைய அழுதனர் அந்தத் தோழர்கள்.

பிறந்த மண் வசமாகியும் நபியவர்கள் மதீனாவுக்கே திரும்பினார்கள். 632இல் அங்கேயே மறைந்து, அங்கேயே அடக்கமானார்கள். அகபாவில் எழுந்த கேள்விக்கு அந்த மண்ணறையே விடையாக நிற்கிறது.

சகோதரர்களே! நிகாஹ் மஜ்லிஸில் நாமும் சாட்சிகள் முன் வாக்களித்தோம். கணவனின் வருவாய் நின்றபோதும், மனைவி நோயுற்றபோதும், பெற்றோர் தளர்ந்தபோதும் அந்தப் பற்று எங்கே நின்றது? வாக்குக் கொடுத்தவருக்கு மட்டுமன்று, அதைப் பெற்றவருக்கும் கடமை உண்டு. மனக்குறை எழுந்தால் முதுகுக்குப்பின் பேசாமல், ஸஅத் (ரலி) அவர்களைப் போல் நேரில் உரைப்போம்.

வாக்கைக் காக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.