சுண்டெலி சொன்னதும் சொல்லாததும்

1780ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணத்தில் ஒரு காய்ச்சல் பரவிற்று. இந்தியாவில் டெங்கு போன்ற நோய் தோன்றியதற்கான முதற்பதிவு என்று மருத்துவ நூல்கள் இன்றளவும் அதனைச் சுட்டுகின்றன. ‘போன்ற’ என்னும் சொல்லை வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டும். உடல்வலியும் மூட்டுவலியும் தோலில் தடிப்பும் கொண்ட காய்ச்சல்கள் பல. அவற்றுள் எது இது என்று பிரித்தறிய, அந்நாளைய மருத்துவருக்கு நோயாளியின் முனகலைத் தவிர வேறு சான்று இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்த டொனால்டு கேரி 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஏடுகளில் டெங்கு எனப் பெயர் பெற்ற கொள்ளைநோய்கள் சில, உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்பது அவருடைய வாதம்.

அவ்வாறு வாதிட அவருக்குத் தகுதி இருந்தது. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் இத்தகைய காய்ச்சல் பெருவாரியாகப் பரவியபோது, நோயாளிகளின் சீரத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்த குழுவில் அவரும் ஒருவர். சென்னையில் மட்டும் லட்சக்கணக்கானோர் அவ்வாண்டு படுக்கையில் விழுந்தனர். அதுவரை அது டெங்குவாகத்தான் இருக்கும் என்று நினைப்பதே இயல்பாயிருந்தது.

அக்காலத்தில் ஒரு வைரஸை எவ்வாறு கண்டுபிடித்தனர் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குஞ்சுகளை எடுத்துக்கொள்வர். கண் திறவாதவை, மயிர் முளையாதவை, இளஞ்சிவப்பு நிறத்தில் விரல்நுனி அளவே இருப்பவை. நோயாளியின் சீரத்தில் 0.02 மில்லிலிட்டரை மெல்லிய ஊசியால் குஞ்சின் மூளைக்குள் செலுத்தி, தாயிடம் திரும்ப விடுவர். சில நாட்களில் குஞ்சு பால்குடி மறந்து, ஒதுங்கித் துவண்டு கிடந்தால், அதன் மூளையை எடுத்து அரைத்து அடுத்த ஈற்றுக் குஞ்சுகளுக்குச் செலுத்துவர். நோய் தொடர்ந்து வந்தால் உள்ளே ஏதோ ஒன்று வளர்கிறது என்று பொருள். பின்னர், ஏற்கெனவே அறிந்த வைரஸ்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களோடு அதனை ஒப்பிட்டுப் பெயரை முடிவு செய்வர். பல தலைமுறைகளாகப் பெயர் குழம்பிக் கிடந்த காய்ச்சலுக்கு இப்படித்தான் பெயர் கிடைத்தது.

ஆனால் பெயரைச் சொன்ன குஞ்சு வேறெதையும் சொல்லவில்லை. டெங்குவில் இது இன்னும் தெளிவாகும். 1943இல் நாகசாகியில் ரென் கிமுரா, சுசுமு ஹோத்தா என்னும் ஜப்பானியர் இருவர் இதே முறையில்தான் டெங்கு வைரஸை முதன்முதலாகப் பிரித்தனர். மறு ஆண்டில், கல்கத்தாவில் நோயுற்ற படைவீரர்களின் இரத்தத்திலிருந்து ஆல்பர்ட் சேபின் பிரித்தார். எலிக்குஞ்சு இறந்தது மெய்தான். ஆயின் அது மூளைநோயால், கைகால் முடங்கி இறந்தது. மனிதக் குழந்தை டெங்குவில் அப்படி இறப்பதில்லை.

மழைக்காலத்தில் மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ மருத்துவமனைப் படுக்கையருகே நின்றவர்கள் அறிவர். நான்கைந்து நாள் கொதித்த காய்ச்சல் விடுகிறது. “விட்டது, சாமி” என்று தாய் பெருமூச்சு விடுகிறாள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேற, நாடி தளர்ந்து, கைகால் குளிர்ந்து குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. 2017இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவுற்று 65 பேர் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. இந்தக் கசிவு ஏன் சிலருக்கு மட்டும் நேர்கிறது என்று சாதாரண எலியைக் கேட்டால் அதற்கு விடை தெரியாது.

இங்கே நம் நகரத்து அம்மையார் ஒருவரை நினைவுகூர வேண்டும். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாகப் பிறந்ததே 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நெடுங்காலம் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. புலால் உண்ணாத அந்த அம்மையாரின் உள்ளம் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனினும் உயிர்காக்கும் அறிவுக்கான விலங்குச் சோதனையைச் சட்டம் விலக்கவில்லை. கூடியவரை தவிர்க்க வேண்டும், பெரிய விலங்குக்குப் பதில் சிறிய விலங்கு போதுமாயின் அதையே கொள்ள வேண்டும் என்றது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் ஏறக்குறைய இதே நிலையில்தான் நிற்கிறது: மனித உயிரைக் காக்க உதவுமாயின், நியாயமான எல்லைக்குள் நடக்குமாயின் ஏற்கலாம், வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண். இறையியல் படித்த எங்களைப் போன்றவர்கள் ‘ஏற்கலாம்’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறோம். ‘உதவுமாயின்’ என்பதை ஆராய்வதில்லை. உதவுமா என்பது நீதிநூலைப் புரட்டிச் சொல்லக்கூடியதன்று. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே பார்த்தறிய வேண்டியது.

உதவியதற்கு மஞ்சள் காய்ச்சல் சான்று. அதுவும் கொசுவால் பரவும் வைரஸ் நோயே. ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு அந்நோய் கடுமையாக வருவதில்லை. 1927 ஜூன் 30 அன்று, இன்று கானா எனப்படும் நாட்டில் அசிபி என்ற நோயாளியின் இரத்தத்தை எடுத்து, இந்தியாவைச் சேர்ந்த ரீசஸ் குரங்குக்கு ஏற்றினர். குரங்கு மாண்டது; அசிபி பிழைத்தார். அந்த ஆய்வை நடத்தியவருள் ஒருவரான ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் அந்நோய்க்கே இரையானார். மறு ஆண்டு மே மாதத்தில் நொகுச்சியும் வில்லியம் யங்கும் அக்ராவில் அதே காய்ச்சலால் மாண்டனர். அசிபியின் இரத்தத்தில் இருந்த வைரஸின் வழிவந்ததே 1937இல் உருவான 17டி தடுப்பூசி. அதற்காக மேக்ஸ் தைலருக்கு 1951இல் நோபெல் பரிசு கிட்டியது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. ஆயினும் அதற்கான விலையில் ஒரு பகுதியை நம் நாட்டுக் குரங்குகள் கொடுத்திருக்கின்றன.

டெங்குவில் குரங்கு அப்படி விடை தரவில்லை. அதன் இரத்தத்தில் வைரஸ் தோன்றும்; நோய் தோன்றாது. 1960களில் பாங்காக்கில் பணிபுரிந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு விந்தையைக் கண்டார். டெங்குவில் நான்கு வகைகள் உள்ளன. முதன்முறை வந்தவர்களைவிட, வேறொரு வகையால் இரண்டாம் முறை தாக்கப்பட்ட குழந்தைகளே பெரும்பாலும் அதிர்ச்சி நிலைக்குச் சென்றனர். முதல் தாக்குதலில் உண்டான எதிர்ப்பொருளே இரண்டாம் வைரஸுக்கு உயிரணுவின் கதவைத் திறந்துவிடுகிறது என்றார். இதைக் குரங்குகளில் சோதித்தபோது, இரண்டாம் முறை இரத்தத்தில் வைரஸ் கூடியது. ஆனால் குழந்தைகளுக்கு நேர்ந்தது அவற்றுக்கு நேரவில்லை.

அந்த இடைவெளி பின்னாளில் எவ்வளவு பெரிதாயிற்று என்பதைப் பிலிப்பைன்ஸ் கண்டது. 17டி வைரஸையே முதுகெலும்பாகக் கொண்டு, அதன் மேல் டெங்குவின் புரதங்களைப் பொருத்தி ‘டெங்வாக்சியா’ தடுப்பூசி செய்யப்பட்டது. குரங்குகளில் அது எதிர்ப்பொருளை உண்டாக்கியது, வைரஸைத் தடுத்தது. 2016 ஏப்ரலில் அந்நாட்டுப் பள்ளிகளில் போடத் தொடங்கினர். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றனர். 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராத குழந்தைக்கு இதனைப் போட்டால், பின்னர் வரும் நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி என்று தயாரித்த நிறுவனமே அறிவித்தது. ஊசியே முதல் தாக்குதலின் வேலையைச் செய்துவிட்டது. திட்டம் நின்றது. எல்லாத் தடுப்பூசிகள் மீதும் பெற்றோருக்கு இருந்த நம்பிக்கை சரிந்தது. 2019இல் தட்டம்மை அந்நாட்டைப் பெரிதும் வருத்தியது. நோயுறாத குரங்கு, நோய் கடுமையாகுமா என்ற கேள்விக்கு எப்படி விடை சொல்லும்?

விடை சொல்லும் எலியைச் செய்யவும் முயன்றனர். டெங்கு வைரஸ் மனித உடலில் இன்டர்ஃபெரான் என்னும் காவலை முடக்க வல்லது; எலியின் காவலை முடக்க அதற்குத் தெரியாது. ஆகவே அக்காவல் செயல்படாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் 1999 முதல் டெங்கு ஆராயப்படுகிறது. எதிர்ப்பொருளே நோயைக் கொடிதாக்குவதை 2010இல் அவற்றில் காட்டினர். குழாய்க் கசிவும் காணப்பட்டது. ஹால்ஸ்டெட் சொன்னதற்கு வலுச் சேர்த்தது இது. எனினும், நோயெதிர்ப்பே கூடாக்கும் நோயை, நோயெதிர்ப்பின் பாதியைப் பறித்த உயிரிடம் கேட்கிறோம் என்பதை மறத்தலாகாது. மருந்தின் ஆற்றலைச் சோதிக்க அந்த எலி பயன்படும். தடுப்பூசி தீங்கற்றது என்று உறுதி சொல்ல அதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே கேள்வி மீண்டும் மனிதனிடமே வந்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வேறொரு டெங்குத் தடுப்பூசி பெற்ற தன்னார்வலர் 21 பேருக்கும், வெற்றூசி பெற்ற 20 பேருக்கும், வீரியம் குறைத்த டெங்கு வைரஸை அவர்களுடைய சம்மதத்தோடு செலுத்தினர். முதல் பிரிவில் ஒருவர் இரத்தத்திலும் வைரஸ் இல்லை. இரண்டாம் பிரிவில் எல்லார் இரத்தத்திலும் இருந்தது. அதன் வழிவந்த தடுப்பூசி ஒன்றை இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கும் ஆய்வு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஊசி போட்டதோடு விடாமல், ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்வது எனத் திட்டம். எந்த எலியும் எந்தக் குரங்கும் சொல்லாததை அறிய அத்தனை மழைக்காலங்கள் தேவைப்படுகின்றன.