கொளுத்துகிற கை

என் அக்கா மகள் அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிறாள். ஒரு நாள் வீடியோ அழைப்பில் வந்தாள். இங்கே காலை ஆறரை மணி. மாதனூர் பேருந்து நிறுத்தத்தில் ஷூ கம்பெனி வண்டிகள் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. அங்கே இரவு ஒன்பது. டிஸ்னி பூங்காவில் கோட்டைக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த போன் வழியாக என் திண்ணையில் வாணவேடிக்கை நடந்தது. பாட்டு ஏறும்போது வெளிச்சம் ஏறியது, பாட்டு அடங்கும்போது வானமும் இருண்டது. முடிந்ததும் அவள் சொன்னாள்: "நம்ம சிரசு ஞாபகம் வந்துடுச்சு மாமா. ஆனா இங்க யாரு கொளுத்துறாங்கன்னே தெரியல."

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

சிரசு என்று அவள் சொன்னது குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பாலாற்றுக்கு இந்தக் கரையில் மாதனூர். அந்தப் பக்கம் போனால் குடியாத்தம். வைகாசி முதல் நாள், மே மாத நடுவில், வெயில் மண்டையைப் பிளக்கும் காலத்தில் நடக்கும். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு புறப்பட்டு, வழியெல்லாம் தேங்காய் உடைபட, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து சேரும். அங்கே சண்டாளச்சி உடலில் அந்தச் சிரசைப் பொருத்துவார்கள். தாயின் தலையைப் பரசுராமன் வெட்டிய கதையும், வெட்டுண்ட தலை வேறொருத்தி உடலோடு சேர்ந்த கதையும் அந்த ஒரு நாளில் கண்முன் நடக்கும். இரவானால் கவுண்டன்ய மகாநதிப் பக்கம் வாணவேடிக்கை. அப்பா என்னைத் தோளில் வைத்துக் காட்டியது அதைத்தான். டேனரியில் வேலை செய்த அவர் சட்டையில் எப்போதும் தோல் வாசனை இருக்கும். அன்று இரவு மட்டும் அதன்மேல் கந்தக வாசனை ஏறியிருக்கும்.

வாணம் என்ற சொல்லே அது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பாணம் என்றால் அம்பு. நெருப்பை வாலில் கட்டிக்கொண்டு பறந்த அம்புதான் வாணம். போர்க்களத்தில் எதிரிமேல் எய்ததும் அதுவே, சாமிக்கு முன்னால் விட்டதும் அதுவே. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். நூறு பங்கில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும் கந்தகமும் எரியும் பொருள்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் காற்றுப் புகாத குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது. சீனர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் இதைக் கண்டுகொண்டார்கள்.

வெடியுப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வாணத்தின் முதல் கை அங்கேதான் இருக்கிறது. மாட்டுக்கொட்டகைத் தரையிலும் பழைய மண்சுவரிலும் வெள்ளையாகப் பூக்குமே, அந்த உப்பு. சாணமும் மூத்திரமும் மண்ணில் ஊறி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று நைட்ரேட்டாக்க, வெயிலில் அது மேலே ஏறிப் பூக்கும். தமிழ்நாட்டில் உப்பிலியர் என்ற சமூகத்தாருக்கு இதுவே தொழிலாக இருந்தது. உப்புமண்ணைச் சுரண்டி, பானையில் இட்டுத் தண்ணீர் ஊற்றி வடித்து, வடித்த நீரைக் காய்ச்சி, ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். கறியுப்பும் வெடியுப்பும் ஒரே நீரில் கலந்திருக்கும். எது முந்தி இறங்கும், எது பிந்தி இறங்கும் என்று தெரிந்தவனுக்கே வெடியுப்பு கிடைக்கும். பாடப்புத்தகம் எதுவும் இல்லாமல் கரைதிறனைக் கையால் படித்தவர்கள் அவர்கள். வானத்தைப் பார்த்து வாய்பிளந்த எந்தக் கூட்டமும் இவர்களை நினைத்ததில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை கண்டதை எழுதிவைத்தார். ஒரிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரன் பெயரில் வழங்கும் ஒரு சமஸ்கிருத நூலில் வாணங்களுக்கான மருந்துக் கலவைகள் இருக்கின்றன. அது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கக் காலம். பி. கே. கோடே என்ற ஆய்வாளர் இவற்றையெல்லாம் திரட்டி, இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை 1953இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வேலூர்க் கோட்டையைக் கட்டிய பொம்மி நாயக்கர் விஜயநகரத்தின் கீழ் இருந்தவர். தலைநகரின் வேடிக்கை இந்தப் பாலாற்றங்கரைக்கு வர நெடுநாள் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

1749ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஓர் ஆண்டில் லண்டனும் ஆம்பூரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடந்தன. ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிரே நின்ற பெரும்போர் முந்தைய ஆண்டில் முடிந்திருந்தது. அந்தச் சமாதானத்தைக் கொண்டாட ஏப்ரல் 27ஆம் தேதி லண்டன் கிரீன் பார்க்கில் பெரிய வாணவேடிக்கை வைத்தார்கள். அதற்கென்றே ஹேண்டல் இசை எழுதினார். சில நாள்களுக்கு முன் அந்த இசையின் ஒத்திகை வாக்ஸால் என்ற கேளிக்கைப் பூங்காவில் நடந்தபோது 12,000 பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை நடந்த இரவில் மழை பெய்தது. மரத்தால் கட்டிய மண்டபத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டிருந்தது. அடித்தட்டில் பாரத்துக்குப் போட்டாலும் லாபம் தருகிற சரக்கு அது.

லண்டன் வேடிக்கைக்கு மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 3ஆம் தேதி, நம் ஆம்பூரில் போர். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் ஒரு பக்கம், சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் மறுபக்கம். அன்வருதீன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டார். லண்டனில் சமாதானத்துக்காக எரிந்த அதே மருந்து, இங்கே அந்தச் சமாதானம் செல்லாது என்று எரிந்தது. ஆம்பூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் சாலையோரத்து மலையைப் பார்த்து இதை நினைத்துக்கொள்வேன்.

1767இல் ஐதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். அவரும் மகன் திப்புவும் வாணப் படையை வளர்த்தெடுத்தார்கள். மற்றவர்கள் மூங்கிலிலும் காகிதத்திலும் குழாய் செய்தபோது மைசூர்க்காரர்கள் இரும்பில் செய்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும், வாணம் அதிகத் தூரம் போகும். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயர் அதை உடம்பில் வாங்கினார்கள். 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்ததும் அந்த வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. சில ஆண்டுகளில் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டைச் செய்தார்.

இவ்வளவு காலமும் வாணத்துக்கு நிறம் கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விஜயநகரத்தார் பார்த்ததும் லண்டன்காரர் பார்த்ததும் பொன்னும் வெள்ளையும் செம்மஞ்சளும்தான், கரி எரிகிற நிறமும் இரும்புத்தூள் சிதறுகிற நிறமும். 1780களில் பெர்த்தோலே என்ற பிரெஞ்சுக்காரர் பொட்டாசியம் குளோரேட்டைச் செய்தார். அதன் தீ வெடியுப்புத் தீயைவிடச் சூடு கூடியது. அந்தச் சூட்டில் உலோக உப்புகள் தம் நிறத்தைக் காட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வானம் நிறம் கண்டது. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், செம்பு நீலம், பேரியம் பச்சை. இதில் நீலம் இன்றும் பிடிகொடுக்காது. சூடு கொஞ்சம் ஏறினால் வெளிறிவிடும். நல்ல நீலம் விடுகிறவர் கைதேர்ந்தவர்.

காசு கொடுத்து உள்ளே போய், இரவில் வேடிக்கை பார்த்துத் திரும்புகிற பழக்கம் வாக்ஸாலிலும், 1843இல் கோபன்ஹேகனில் திறந்த டிவோலி பூங்காவிலும் ஊறியது. வால்ட் டிஸ்னி டிவோலியைப் போய்ப் பார்த்தவர். அவருடைய முதல் பூங்கா 1955இல் கலிபோர்னியாவில் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோடைக்கால இரவுகளில் அங்கே வாணவேடிக்கை வழக்கமாயிற்று. 1961 முதல் டிங்கர் பெல் என்ற தேவதை வேடத்தில் ஒருவர் கம்பியில் தொங்கி வானில் பறந்து வந்து வேடிக்கையைத் தொடங்கிவைத்தார். முதலில் பறந்தவர் டைனி கிளைன், எழுபது வயதை ஒட்டிய சர்க்கஸ்காரர். 2004இல் அந்தப் பூங்கா இன்னொரு மாற்றம் செய்தது. குண்டை மேலே தூக்க மருந்து வைக்காமல் அழுத்திய காற்றால் எறிந்தார்கள். புகையும் சத்தமும் குறைந்தன, நேரத்தைக் கணினி நொடிப்பிசகாமல் பிடித்தது. கை மெல்ல மெல்ல மறைந்தது இப்படித்தான். என் அக்கா மகள் கண்ணுக்கு யாரும் தெரியாததில் வியப்பில்லை.

நம் பக்கம் கை மறையவில்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது. தீப்பெட்டியின் முதுகில் ஏறிப் பட்டாசு வந்தது. 1940இல் வெடிபொருள் விதிகளும் உரிமமும் வந்த பிறகு சிவகாசியில் ஆலைகள் எழுந்தன. நம் குடியாத்தமும் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

வானத்தில் விரிகிற ஒரு குண்டுக்குள் என்ன இருக்கிறது? காகிதம் ஒட்டி ஒட்டிக் கெட்டியாக்கிய உருண்டை அல்லது உருளை. உள்ளே மருந்தில் உருட்டிக் காயவைத்த சின்னச் சின்ன உருண்டைகள்; ஒவ்வொன்றும் வானத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். நடுவில் அவற்றைச் சிதறடிக்கும் மருந்து. அடியில் தூக்கும் மருந்து. குண்டு உச்சிக்குப் போகும்வரை பொறுத்திருந்து எரிகிற திரி ஒன்று. மணலில் புதைத்த குழாய்க்குள் இதை இறக்கி வெளித்திரியைக் கொளுத்தினால், மூன்று அங்குலக் குண்டு ஏறத்தாழ முந்நூறு அடி ஏறும். உருண்டைகளை அடுக்கிய ஒழுங்குதான் மேலே பூவாகிறது. உள்ளே ஒன்று சாய்ந்திருந்தால் வானத்திலும் சாயும். அடுக்கியது யாரோ ஒரு பெண்ணின் விரல். அந்த விரல்களை நெருப்பு தின்றதும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேடிக்கையை நேசிக்கிற எவரும் அந்தத் தேதியை மறக்கக் கூடாது.

இனி என் ஆற்றின் கதை. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அதனால் பெருமளவு நச்சுக் கழிவு வெளியேறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில் எழுதியது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கு அது. பாலாறும் கிணறுகளும் நிலமும் கெட்ட பிறகு, குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது: கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும், கேடு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சோறு டேனரியிலிருந்து வந்தது, எங்கள் கிணற்று உப்பும் அங்கிருந்தே வந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பை யார் பக்கமும் சாயாமல் படிக்க என்னால் முடிந்ததில்லை.

2015இல் டெல்லியின் மூன்று பச்சிளங்குழந்தைகள் பெயரில் பட்டாசுப் புகைக்கு எதிராக ஒரு வழக்கு அதே நீதிமன்றத்துக்குப் போனது. 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் சிக்ரியும் அசோக் பூஷணும் தீர்ப்பளித்தபோது, வேலூர் வழக்கில் டேனரிகளை மூடச் சொன்னதை எடுத்துக்காட்டினார்கள். தொழில் செய்யும் உரிமையைவிட உயிர் வாழும் உரிமை மேல் என்பதற்கு அதுவே அவர்களுக்குச் சான்று. அந்தத் தீர்ப்பில்தான் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தது. வானத்துப் பளிச்சென்ற பச்சைக்கும் கம்பி மத்தாப்புக்கும் வேராக இருந்த பொருள் பேரியம். பாலாற்றைக் காக்கப் பிறந்த ஒரு வாசகம், போய்ப் போய், சிரசு இரவின் பச்சையைத் தொட்டது. சிவகாசியில் அதனால் வேலை இழந்தவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கெட்ட ஆற்றின் கரையில் வாழ்ந்தவன், காற்றாவது பிழைக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

அக்கா மகள் அடுத்த வைகாசிக்கு ஊருக்கு வந்தாள், ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு. மூவரும் மாதனூரிலிருந்து பஸ் ஏறிக் குடியாத்தம் போனோம். நெரிசலில் கால் வைக்க இடமில்லை. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். முதல் குண்டு போனது. வெளிச்சம் வந்து ஒரு மூச்சு கழித்துச் சத்தம் நெஞ்சில் அடித்தது. கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்று அவள் காதில் சொன்னேன். அடுத்ததற்கு விரல் மடக்கி எண்ணினாள். பிறகு நெடுநேரம் இருட்டு. பூங்காவில் இப்படி இருட்டு நிற்பதில்லை போலும், அவளுக்குப் பொறுக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா தாத்தா?"

"இல்லடா, பாரு."

இருட்டுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு குழாயருகே குனிந்தது, நிமிர்ந்தது, அடுத்த குழாய்க்கு நகர்ந்தது. குழந்தை என் தலைமுடியை இறுகப் பிடித்துக்கொண்டு தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அங்க ஒரு ஆளு இருக்காரு!"