கழிவுநீர்வழி போதைப்பொருள் அளவீடு

கழிவுநீர்வழி போதைப்பொருள் அளவீடு என்பது, ஒரு நகரின் சாக்கடை நீரில் கலந்துள்ள வேதிப்பொருள்களை ஆய்ந்து, அந்நகர மக்கள் உட்கொண்ட போதைப்பொருள்களின் மொத்த அளவைக் கணிக்கும் முறையாகும். உட்கொண்ட பொருள் உடலில் சிதைந்து, அதன் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறும் என்பதே இதன் அடிப்படை. கேள்வித்தாள் வழி நடைபெறும் கணக்கெடுப்பில் பலர் உண்மையைக் கூறத் தயங்குவர். சாக்கடைக்கு அத்தயக்கம் இல்லை.

வரலாறு

இக்கருத்தை 2001இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியலாளர் கிறிஸ்டியன் டாட்டன் முன்மொழிந்தார். 2005இல் இத்தாலியின் மாரியோ நெக்ரி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எத்தோரே சுக்காத்தோ குழுவினர் இதனைச் செயற்படுத்திக் காட்டினர். சுமார் 50 இலட்சம் மக்களின் கழிவுநீர் சேரும் போ ஆற்றில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோகிராம் கோக்கெயினுக்கு ஈடான எச்சம் ஓடுவதாக அவர்கள் கணித்தனர். 100 மில்லிகிராம் ஒரு வேளை எனக் கொண்டால் இது நாளொன்றுக்கு 40,000 வேளைகளாகும். அதிகாரப்பூர்வக் கணக்கெடுப்போ, அப்பகுதியில் மாதத்திற்கே சுமார் 15,000 வேளைகள் என்றது.

2011இல் 19 ஐரோப்பிய நகரங்களில் ஒரே வாரத்தில் ஒரே முறைப்படி மாதிரிகள் எடுக்கப்பட்டன. இவ்வாய்வு அதன்பின் ஆண்டுதோறும் விரிவடைந்து வருகிறது. ஆஸ்திரேலியா 2016இல் தேசிய அளவிலான திட்டத்தைத் தொடங்கியது.

வழிமுறை

சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில் 24 மணி நேரமும் சிறிது சிறிதாக நீர் சேகரிக்கப்பட்டு, வண்ணப்பிரிகை முறையாலும் நிறை நிறமாலைமானியாலும் ஆராயப்படுகிறது. கோக்கெயினைவிட, அது கல்லீரலிலும் குருதியிலும் சிதைந்து உருவாகும் பென்சாயில்எக்கோனின் என்னும் பொருளே பெரிதும் அளக்கப்படுகிறது. உடல்வழிச் சென்றதற்கு அதுவே சான்று. சாக்கடையில் எளிதில் அழியாததும் அதுவே.

எடுத்துக்காட்டாக, 5 இலட்சம் பேர் வாழும் நகரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கழிவுநீர் வருவதாகவும், அதில் லிட்டருக்கு 500 நானோகிராம் பென்சாயில்எக்கோனின் உள்ளதாகவும் கொள்க. மொத்த எச்சம் 50 கிராம்; அதாவது 1,000 பேருக்கு 100 மில்லிகிராம். இதிலிருந்து உட்கொண்ட கோக்கெயினின் அளவைப் பெற ஒரு திருத்தக் காரணியால் பெருக்கவேண்டும். தொடக்கத்தில் 2.33 என்ற எண் வழங்கியது, 2013இல் 3.59 முன்வைக்கப்பட்டது. முன்னதன்படி 117 கிராம். பின்னதன்படி 180 கிராம். ஒரே நீர், இரு விடைகள்! இதனால்தான் நகரங்களை ஒப்பிடும் அறிக்கைகள் பெரும்பாலும் எச்சத்தின் அளவை மட்டுமே வெளியிடுகின்றன.

குறைபாடுகள்

இம்முறை அளவைக் கூறுமேயன்றி ஆட்களின் எண்ணிக்கையைக் கூறாது. பத்துப் பேர் ஒருமுறை உட்கொண்டதும் ஒருவர் பத்துமுறை உட்கொண்டதும் இதற்கு ஒன்றே. கஞ்சாவின் எச்சம் பெரும்பாலும் மலத்தில் வெளியேறித் திண்மத் துகள்களில் ஒட்டிக்கொள்வதால், அதன் கணிப்பு மேலும் ஐயத்திற்குரியது.

உட்கொள்ளப்படாமல் கொட்டப்படும் சரக்கும் கணக்கைக் குலைக்கும். 2011இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் எம்.டி.எம்.ஏ. அளவு வழக்கத்திற்கு மாறாக உயர்ந்தது. இப்பொருள் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவ மூலக்கூறுகளின் சமக் கலவையாகத் தயாரிக்கப்படுகிறது. உடல் அவற்றுள் ஒன்றை விரைவாகச் சிதைப்பதால், சிறுநீரில் அவ்விகிதம் மாறியிருக்கும். யூட்ரெக்ட் நீரில் அது மாறாதிருந்ததால், சரக்கு நேரடியாகச் சாக்கடையில் கொட்டப்பட்டது என்று ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர்.

அறநெறி

பெருநகரின் நீரிலிருந்து எவரையும் தனியே அடையாளம் காண இயலாது. ஆனால் ஒரு சிறைச்சாலை, பள்ளி அல்லது சிற்றூரின் வடிகாலில் மாதிரி எடுத்தால், அங்குள்ள அனைவர் மீதும் பழி விழக்கூடும். ஐரோப்பிய ஆய்வாளர் குழு 2016இல் வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய சிறு குழுக்களின் முடிவுகளை வெளியிடுவதில் தனிக்கவனம் வேண்டும் என்கின்றன.